யுவராஜின் சிலபஸ் வேறு

வரும் திங்கட்கிழமையிலிருந்து இந்த அறை உங்கள் இருவருடையது. நான் இந்த வேலையை விட்டு மேற்படிப்புக்குப் போகிறேன். பீரோ சாவி எங்கே தொங்கும், எந்தப் பேராசிரியரிடம் எந்த நேரத்தில் பேசக்கூடாது என்பதையெல்லாம் நேரிலேயே சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் குரல் உயர்ந்துவிடும், கையை ஆட்டி ஆட்டிப் பேசுவேன், பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டுவார்கள். அதனால் எழுதித் தருகிறேன்.

கதவில் "மாணவர் கல்வி ஆதரவு மையம்" என்று பலகை இருக்கிறது. பிள்ளைகள் இதை அந்தப் பெயரில் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அவர்களுக்கு இது ஐ.சி.யூ. "மச்சான், என்னையும் ஐ.சி.யூ.ல போட்டுட்டாங்கடா" என்று வராந்தாவில் சொல்லிக்கொண்டு போவார்கள். கோபப்படாதீர்கள். பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். அரியர் சேர்ந்துபோன பிள்ளைகளைக் கல்லூரி ப்ரொபேஷனில் வைக்கிறது. கடைசியாக ஒரு தேர்வு வாய்ப்பு கொடுக்கும். அதில் தேறினால் அடுத்த ஆண்டு, தேறாவிட்டால் வாசல். அந்த இடைப்பட்ட காலத்தில் அவர்கள் வந்து உட்காரும் இடம் இது.

யுவராஜ் அப்படித்தான் வந்தான். பட்டாபிராம் பையன். மெக்கானிக்கல். முதலாம் ஆண்டு முடிந்த கையோடு அம்பத்தூர் எஸ்டேட் சாலையில் பைக் சறுக்கிக் கால் உடைந்து, ஓராண்டு வீட்டில் கிடந்தான். திரும்பி வந்து தனக்கு அடுத்த செட் பிள்ளைகளோடு இரண்டாம் ஆண்டில் சேர்ந்தான். மற்ற அரியரையெல்லாம் தட்டுத் தடுமாறி முடித்துவிட்டான். பாக்கி இருந்தது முதலாம் ஆண்டுக் கணிதம் ஒன்றே ஒன்று. அதை இந்த முறை முடித்தால் மூன்றாம் ஆண்டு. முடிக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அவன் அப்பா பட்டாபிராமுக்கும் ஆவடிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவரும் தன் பங்குக்கு ஏற்பாடு செய்துவைத்திருந்தார்.

"எஸ்டேட்ல தகடு வெட்ற ஒரு பிரஸ் ஷாப்ல சொல்லி வச்சிகீறாராம்ணா. ரிசல்ட் வந்த மறுநாளே வந்து நிக்கணுமாம்" என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னான். சிரித்துக்கொண்டு சொன்னதால் அவனுக்கு அது பெரிய விஷயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே வருகிற பிள்ளைகள் மோசமான செய்தி எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஹரிணியைக் கேட்டேன். உங்களுக்கு அவளைத் தெரியும். கம்ப்யூட்டர் சயின்ஸ், அதே ஆண்டு. ஆவடி டிஃபன்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். கணிதத்தில் அவளை யாரும் முந்தியதில்லை. நான்கு நிறத்தில் பேனா கொண்டுவருவாள். வரையறைக்கு நீலம், சூத்திரத்துக்குச் சிவப்பு என்று பலகையைக் கோலம் போட்டதுபோல் நிரப்புவாள். "புரிஞ்சுதா?" என்பாள். "புரிஞ்சிது" என்பான். "கேள்வி ஏதாவது?" என்பாள். "இல்ல" என்பான். அடுத்த பலகை.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். பையன் ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை. கணக்கு போடுகிறான், விடை வருகிறது. வேறென்ன வேண்டும்?

தேர்வு மதியம். காலையில் கடைசியாக ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம் என்று வரச் சொல்லியிருந்தோம். ஹரிணி முன்னாலேயே வந்து பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யுவராஜ் கதவைத் திறந்தான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆவடி நிலையத்திலிருந்து எப்படி வந்து சேர்ந்தான் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"அண்ணா, மேட்டர் ஓவர்."

"என்னடா ஆச்சு?"

"ட்ரெயின்ல என் பழைய செட்டு தீனாவப் பாத்தேன். அவனுக்கும் இன்னிக்கு இதே அரியர்தான். நான் நோட்ட திருப்பிகினு இருந்தேன். எட்டிப் பாத்துட்டு, 'இன்னா மாமே, யார் ஊட்டு சிலபஸப் படிச்சிகினு கீற? நமக்குப் புள்ளியியலே கெடையாதேடா'ன்றான்."

ஹரிணியின் கையிலிருந்த துடைப்பான் அப்படியே நின்றது.

நடந்தது இதுதான். யுவராஜ் காலுடைந்து கிடந்த அந்த ஆண்டில் கல்லூரி முதலாம் ஆண்டுக் கணிதத்தின் பாடத்திட்டத்தை மாற்றியிருந்தது. பாடத்தின் பெயர் ஏறக்குறைய அதேதான். உள்ளே இருப்பது வேறு. அரியர் எழுதுகிறவன் எந்தப் பாடத்திட்டத்தில் சேர்ந்தானோ அதில்தான் எழுத வேண்டும். ஹரிணி தான் படித்ததைச் சொல்லிக்கொடுத்தாள். அது புதியது. அவன் எழுத வேண்டியது பழையது. இருவரும் ஒரே ஆண்டில் இருந்ததால் எங்கள் மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

போனில் பழைய பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தோம். ஐந்து யூனிட்டில் மேட்ரிக்ஸும் டிஃப்ரென்ஷியல் ஈக்வேஷனும் மட்டும் இரண்டிலும் பொது. மற்ற மூன்றும் அவன் தொடாதவை. வெக்டர், காம்ப்ளெக்ஸ், லாப்லாஸ். தெரிந்த இரண்டை முழுதாக எழுதினாலும் தேறுகிற எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமே நிற்க வேண்டியிருக்கும்.

நான் அவனிடம் ஒன்று கேட்டேன். "மூணு வாரமா உனக்கு ஒரு தடவைகூடச் சந்தேகம் வரலியா?"

அவன் சொன்ன பதிலுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

"ரெண்டாவது நாளே வந்திச்சிண்ணா. லாப்லாஸ்னு ஒண்ணு இருந்தாப்ல ஞாபகம். ஆனா போர்டுல எழுதிகினு இருக்கறது யாரு? ஹரிணி. அவளுக்குத் தெரியாததா? நம்மதான் கிளாஸ்ல தூங்கிட்டிருப்போம்னு உட்டுட்டேன்."

புரிகிறதா? அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறையில் இருந்த மூவரில் சரியான விஷயம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஆனால் ப்ரொபேஷனில் இருப்பவனுக்குத் தன் தலைக்குள் இருப்பது எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றினால் பலகையைச் சந்தேகப்பட மாட்டான், தன்னைத்தான் சந்தேகப்படுவான். தொடர்ந்து பாஸ் செய்து வந்த பிள்ளை யாரும் இந்தத் தவற்றைச் செய்யவே முடியாது. முதல் நாளே "மேடம், இது எங்களுக்கு இல்லை" என்று கையைத் தூக்கியிருப்பான்.

எனக்கு அது சட்டென்று சுட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். கல்லூரியில் முதல் ஆண்டு முழுவதும் எது புரியாவிட்டாலும், மற்றவர்களுக்கு இது வீட்டிலேயே தெரிந்திருக்கும், எனக்குத்தான் இல்லை என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் சொன்னதன் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்.

ஆனால் அதை நினைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஹரிணி பையைத் தோளில் மாட்டிவிட்டாள்.

"வாங்கண்ணா, எக்ஸாம் ஆபீஸ் போலாம். என் தப்புதான்னு நான் எழுதிக் குடுக்கறேன். அவனுக்கு வேற தேதி குடுக்கச் சொல்லலாம்."

என் கால்களும் வாசலை நோக்கித் திரும்பிவிட்டன. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் ஆபீஸுக்கு ஓடுவது எவ்வளவு ஆறுதலாக இருக்கும் தெரியுமா? ஓடினால் ஏதோ செய்கிற மாதிரி இருக்கும். அங்கே உட்காரச் சொல்வார்கள். அனுதாபப்படுவார்கள். தேர்வு அதிகாரி மீட்டிங்கில் இருப்பார், காத்திருப்போம். கடைசியில், பாடத்திட்டத்தைத் தெரிந்துகொள்வது மாணவனின் பொறுப்பு என்பார்கள். விதியும் அப்படித்தான். காலை போயே போயிருக்கும். எழுதாமல் விட்டாலும் அது ஒரு வாய்ப்பு போனதாகத்தான் கணக்கு.

நெருக்கடியில் உங்கள் முன்னால் இரண்டு வேலை வந்து நிற்கும். ஒன்று, நம்மேல் தப்பில்லை என்று காட்டுகிற வேலை. இன்னொன்று, பிள்ளைக்கு உதவுகிற வேலை. அவசரத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடையில் இருக்கும். நான் கதவைச் சாத்தினேன்.

"யாரும் எங்கேயும் போகப்போறதில்ல. யார் தப்புன்னு சாயங்காலம் சண்டை போட்டுக்கலாம். இப்ப மூணுல ஒண்ண எடுக்கறோம். எது?"

ஹரிணி நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கே லாப்லாஸ் தெரியாதுண்ணா. எங்களுக்கு அது இல்லவே இல்ல. நான் எப்படிச் சொல்லித்தர முடியும்? என்னால அவன் லைஃப்…"

படிக்க வேண்டியவனைத் தேற்றுவதா, சொல்லித்தர வேண்டியவளைத் தேற்றுவதா? வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரியாது என்ற இடத்தில் நிற்கிறாள் அந்தப் பெண். அங்கே எப்படி நிற்பது என்று அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

யுவராஜ் ஒரு நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டுக்கொண்டான்.

"ஏம்மா, இன்னாத்துக்கு அழுவுற? தெரியாதுன்னா இப்டித்தான் இருக்கும். கொஞ்ச நேரத்துல செட்டாயிடும். நான் ரெண்டு மூணு வருஷமா இப்டித்தான் கீறேன். செத்தா பூட்டேன்?"

ஹரிணி அழுகையோடு சிரித்துவிட்டாள். சிரிப்பை அடக்கப் பார்த்து விக்கல் வந்தது.

"உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம். லாப்லாஸே எடு. ஈக்வேஷன் குடுத்து அத்த வச்சி சால்வ் பண்ணச் சொல்லுவான்னு ஞாபகம். மத்த ரெண்டயும் உட்ரு."

"ரெண்டு யூனிட்ட மொத்தமா விடறதா? ஒரு தடவை பாத்துட்டாவது…"

"உடறதுல நான் கோல்டு மெடல். என்னிய நம்பு."

அவன் சொன்னதுதான் சரி என்று எனக்கும் பட்டது. டிஃப்ரென்ஷியல் ஈக்வேஷன் அவனுக்கு நன்றாகப் படிந்திருந்தது. லாப்லாஸ் அதே வீட்டுக்குப் போகிற இன்னொரு தெரு. வெக்டர் பக்கம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "லாப்லாஸ் மட்டும்" என்றேன். மற்ற இரண்டின் பெயரை அன்று யார் எடுத்தாலும் வெளியே அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னேன். ஒன்றை எடுப்பதைவிட மற்றதை விடுவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிடாதீர்கள். நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உட்கார முடியவில்லை!

நிறப் பேனா இல்லை, பலகை இல்லை. நூலகத்திலிருந்து நான் வாங்கிவந்த பழைய புத்தகத்தை நடுவில் வைத்து இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்து குனிந்தார்கள். ஹரிணி ஒரு வரி படித்தாள். "இரு இரு, இது எங்கேர்ந்து வந்திச்சி?" என்றான் யுவராஜ். மூன்று வாரத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி! ஹரிணி விழித்தாள். "தெரியலையே… ஒரு நிமிஷம்." இருவரும் முந்தைய பக்கத்துக்குப் போனார்கள். கண்டுபிடித்தார்கள். அடுத்த வரி. "இது ஏன் மைனஸு?" மறுபடி பின்னால் போனார்கள். ஒருமுறை ஹரிணி தப்பாகச் சொல்லி அவன் திருத்தினான். "ஏய், டாப்பரு! பிளஸ் டூவுல படிச்சத கோட்ட உட்டுட்டியே" என்று அவன் கத்த, "சரி சரி, ரொம்பப் பண்ணாத" என்று அவள் அவன் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்க, அறையே சந்தைக்கடை ஆகிவிட்டது.

அவளுக்குத் தெரிந்திருந்தபோது அவன் வாயைத் திறக்கவே இல்லை. அவளுக்கும் தெரியாது என்றவுடன் கேள்வி கொட்டியது! தெரியாது என்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லாத ஒரு மேசை அவனுக்கு அதுவரை கிடைத்ததே இல்லை.

ஒரு கட்டத்தில் திடீரென்று எழுந்து நின்றான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அண்ணா! இது நேத்து நான் போட்ட அதே கணக்குண்ணா! அங்க சுத்தி வந்தோம், இங்க குறுக்கால பூந்து வர்றோம். ஆன்சரும் அதேதான் வர்து, பாருங்க!"

நான் கேன்டீனிலிருந்து எலுமிச்சைச் சாதம் வாங்கிவந்து இருவரையும் மிரட்டித்தான் சாப்பிட வைத்தேன். யுவராஜ் இடது கையால் சாப்பிட்டு வலது கையால் கணக்கு போட்டான். ஹரிணி முகத்தைச் சுளித்தாள்.

மதியம் அவன் ஹாலுக்குள் போனான். நாங்கள் இருவரும் பைக் ஸ்டாண்டு ஓரம் நின்றோம். அரியர் தேர்வில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரை மணி நேரம் கழித்துதான் வெளியே விடுவார்கள். அந்த அரை மணி ஆனதும் கதவு திறக்கும், கைவிட்டவர்கள் வரிசையாக வருவார்கள். இதே தேர்வை எழுதியபோதெல்லாம், கேள்வித்தாளைச் சரியாகப் படிக்காமலேயே, அந்த வரிசையில் முதல் ஆள் தான்தான் என்று யுவராஜே பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

கதவு திறந்தது. ஹரிணி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்தது தீனா.

"முடிஞ்சுதாடா?" என்றேன்.

"நமக்கு அவ்ளோதாண்ணா. அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றான்.

"யுவராஜ்?"

"அவனா? இன்னாமோ எழுதிகினே கீறாண்ணா. ரெண்டு தபா கூப்ட்டுப் பாத்தேன், திரும்பவே இல்ல."

இன்னும் சிலர் வந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எட்டிப் பார்த்தோம். தண்ணீர் கொடுக்கிற அம்மா ஒருமுறை, கண்காணிப்பாளர் ஒருமுறை. அவன் இல்லை. எனக்கு உள்ளே என்னவோ ஏறிக்கொண்டே போயிற்று. தேர்வில் என்ன எழுதுகிறான் என்று எனக்குத் தெரியாது, ஆனால் உட்கார்ந்திருக்கிறான்! அவன் உட்கார்ந்திருக்கிறான்!

கடைசி மணி அடித்தபிறகுதான் வந்தான். விரலெல்லாம் மை. முகம் சிவந்திருந்தது.

"அண்ணா, டைம் பத்தலண்ணா!" என்று தூரத்திலிருந்தே கத்தினான். "கடைசிக் கணக்கு பாதில நிக்குது, புடுங்கிட்டாங்க! ஹரிணி, டைம் பத்தல!"

நேரம் போதவில்லை என்று ஒரு பிள்ளை புகார் சொல்வதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை. வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு நேரம் எப்போதும் மிச்சம்தான்.

மாலையில் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னது ஞாபகம் வந்து, ஹரிணி மன்னிப்பு கேட்கத் தொடங்கினாள். யுவராஜ் கையெடுத்துக் கும்பிட்டான். "தாயே, புள்ளியியல் வேற சும்மாவே கத்துக் குடுத்துகீற. அடுத்த ஜென்மத்துக்கு ஆவும். உடு."

ரிசல்ட் வரும்வரை அவன் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை, பிரஸ் ஷாப்பைப் பற்றி மட்டும்தான் பேசினான். அங்கே ஷிப்டு எப்படி, விரல் போகாமல் எப்படி வேலை செய்வது, எல்லாம் விசாரித்து வைத்திருந்தான். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரிசல்ட் வந்த அன்று மூவரும் இதே அறையில் ஹரிணியின் போனைச் சுற்றி நின்றோம். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. யுவராஜ் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். ஹரிணிதான் படித்தாள். படித்துவிட்டுக் கத்தினாள். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிட்டார்.

யுவராஜ் மூச்சுவிடாமல் அப்பாவுக்குப் போன் போட்டான். "நைனா, பாஸு! பாஸ் நைனா! அந்தக் கம்பெனிகாரருக்கு வரலன்னு சொல்லிடு!" அந்தப் பக்கம் ஆட்டோ இரைச்சலில் அவர் என்ன சொன்னாரோ, அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டான்.

வைத்ததும் ஹரிணி போனை மறுபடி பார்த்தாள். "மேட்ரிக்ஸ முழுசா போட்டிருந்தா இன்னும் நாலு மார்க் வந்திருக்கணுமே. எந்த ஸ்டெப்ல விட்ட?"

"அம்மா தாயே! பாஸுன்னா பாஸு. அதுக்குள்ள இன்னா ஆராய்ச்சி?"

அன்று மாலையே இரண்டு பாடத்திட்டங்களையும் அச்செடுத்து இந்தச் சுவரில் ஒட்டினேன். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள், கிழிந்தால் மாற்றுங்கள். ஆனால் அந்தத் தாளை ஒட்டினால் மட்டும் வேலை முடியாது. வருகிற பிள்ளையிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், "புரிஞ்சிது" என்றுதான் வரும். எது உனக்கு இடிக்கிறது, எது விசித்திரமாக இருக்கிறது என்று கேளுங்கள். முதல் வாரம் பதில் வராது. விடாமல் கேளுங்கள். அவன் தலைக்குள் சரியான ஒன்று இருக்கக்கூடும், அதை அவனே நம்பாமல் மடித்து வைத்திருப்பான். முடிந்தால் உங்களுக்கும் தெரியாத ஒரு கணக்கை எடுத்து அவன் எதிரே உட்கார்ந்து தடுமாறுங்கள். நடிக்காமல் தடுமாறுங்கள், நடித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

புதிய ஆண்டு தொடங்கிய முதல் வாரம். ஹரிணிக்கு ஓய்வு நேரம். இங்கே உட்கார்ந்து புதிதாக வந்த ஒரு பெண்ணோடு ஒரே புத்தகத்தில் குனிந்திருந்தாள். வராந்தாவில் திமுதிமுவென்று சத்தம். கையில் டிராயிங் ரோலோடு யுவராஜ் ஓடினான். எங்கள் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஹரிணி எழுந்து போய் வாசலில் நின்று கத்தினாள். "டேய் யுவராஜ்! ஒரு ஹலோகூடக் கிடையாதா?"

ஓடிக்கொண்டே கையை மட்டும் மேலே தூக்கி ஆட்டினான்.

"அப்பாலிக்கா வரேன்! கிளாஸு ஆரம்பிச்சிடப் போவுது!"